மேற்குச் சுவரின் காங்கிரீட் இறக்கைகள்: ஜெயநகர் வீட்டில் ஒரு பழுதுபார்ப்பு

பெங்களூர் ஜெயநகரிலுள்ள எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தில் வெயிலைத் தடுக்க நிற்கும் பதினோரு காங்கிரீட் தகடுகளில் நான்கின் கீழ்ப்பகுதியைச் சென்ற பிப்ரவரியில் வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக வார்த்தோம். தென்மேற்குப் பருவமழையும் அதன் பின் வந்த அக்டோபர் மழையும் கடந்துவிட்டன. துருக்கறை எதுவும் வழியவில்லை. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் விரிசல் இல்லை. நிறமும் வெயிலில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. பூச்சுப் பூசாத காங்கிரீட் வீட்டை வைத்திருக்கும் பலர் துரு வழியத் தொடங்கியதும் சிமெண்ட் பூசி மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அதற்கு வேறு வழி உண்டு என்று காட்டவே அளவுகளோடும் செலவோடும் இதை எழுதுகிறேன்.

வீடு 1972-இல் கட்டப்பட்டது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்த என் தாத்தா, பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) உருவாவதற்கு முன்பு மனைகளைப் பிரித்துக் கொடுத்துவந்த நகர மேம்பாட்டு வாரியத்திடமிருந்து 40-க்கு 60 அடி மனையை வாங்கினார். அதே தெருவில் எல்லோரும் மேஸ்திரியை வைத்தே வீடு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஓர் இளம் கட்டடக் கலைஞரிடம் போனது ஏன் என்று அப்பாவுக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் வரைபடங்கள் முழுவதும் ஒரு தகரக் குழாயில் பத்திரமாக இருந்தன. 1:50 அளவில் தளவரைபடமும் 1:10 அளவில் நுணுக்க வரைபடங்களும் நீல அச்சில் மங்கிப்போய் இருந்தாலும் படிக்க முடிந்தது. பின்பக்கம் சரியும் மனையை மட்டப்படுத்தாமல், சரிவை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னறையிலிருந்து ஆறு படி இறங்கினால் சமையலறையும் சாப்பாட்டு இடமும் வரும்படி வீட்டை இரண்டு மட்டங்களாகப் பிரித்திருக்கிறார். நடுவில் முற்றம், தரை முழுக்க ரெட் ஆக்சைடு, சுவர்களில் பூச்சில்லாத செங்கல். அடுப்பு கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்று பாட்டி சொன்னதால் சமையலறையைத் திருப்பி வரைந்த திருத்தம் சிவப்புப் பென்சிலில் அப்படியே இருக்கிறது.

முன்னறை மேற்கு பார்த்தது. அந்தப் பக்கம் சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே இந்தத் தகடுகள். எங்கள் வீட்டில் அவற்றை இறக்கைகள் என்றே சொல்வோம். ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் உயரம், 450 மி.மீ. அகலம், 75 மி.மீ. தடிமன், எடை ஏறத்தாழ 200 கிலோ. மேலே கூரைத்தளத்தின் விளிம்பிலும் கீழே ஒரு திண்டிலும் பிணைக்கப்பட்டுள்ளன. கூரைப் பாரம் எதையும் அவை தாங்குவதில்லை.

அவை நிற்கும் கோணத்தைப் புரிந்துகொண்ட பிறகே பழுதின் காரணமும் எனக்குப் புரிந்தது. இறக்கைகள் நேர் மேற்கை நோக்காமல் தென்மேற்காக 30 டிகிரி திரும்பியிருக்கின்றன. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை மாலைச் சூரியன் நேர் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி இறங்குவதால், ஏப்ரல் வெயில் இறக்கையின் வடமேற்கு முகத்தில் அடித்து அங்கேயே நின்றுவிடுகிறது. டிசம்பரில் சூரியன் தென்மேற்கே மறைவதால், அந்தக் குளிர்கால மாலைகளில் மட்டும் வெயில் இடைவெளிகள் வழியே முன்னறையின் உட்சுவர்வரை வருகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குக் காற்றும் அதே வழியில் உள்ளே வரும். அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1954-இல் கட்டி முடித்த ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்திலும் இதே உத்தி உண்டு: தெருவைப் பார்த்த மேற்கு முகத்தில் தடுப்புகள் சாய்வாக நிற்கும், ஆற்றைப் பார்த்த கிழக்கு முகத்தில் நேராக நிற்கும். எங்கள் கட்டடக் கலைஞர் அதைப் பார்த்துத்தான் வரைந்தாரா என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தலைமுறையில் படித்தவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரியாமல் இருந்திருக்காது.

காற்றை உள்ளே விடும் கோணம் மழையையும் முன்விளிம்பில் வாங்கிக்கொள்கிறது. மழையில் நனைவதும் வெயிலில் காய்வதும் அந்த விளிம்பில்தான் மாறிமாறி நடக்கின்றன. கம்பிக்கு அதைவிடக் கெட்ட சூழல் இல்லை.

முதலில் தட்டிப் பார்த்தோம். சிறு சுத்தியலால் கீழிருந்து மேலாக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டுவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே வந்தபோது, பழுது முழுவதும் கீழே 900 மி.மீ. உயரத்துக்குள்ளும் முன்விளிம்பிலிருந்து 200 மி.மீ. அகலத்துக்குள்ளும் அடங்கிவிட்டது தெரிந்தது. நான்கு இறக்கைகளில் அது முற்றியிருந்தது. மற்றவற்றில் தொடக்க நிலை.

அடுத்தது பினாஃப்தலின் சோதனை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பயன்படுத்தும் அதே கரைசல்தான், ரசாயனக் கடையில் மலிவாகக் கிடைக்கும். புதிதாக உடைத்த காங்கிரீட்டின் மேல் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. போன பிறகு ஈரம் பட்டாலே துரு தொடங்கிவிடும். அந்தத் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. எங்கள் இறக்கைகளின் முன்விளிம்பில் நிறமற்ற ஆழம் 22 முதல் 26 மி.மீ. வரை இருந்தது, மழை படாத மேல்மூலையில் 14 மி.மீ.

வரைபடத்தின்படி கம்பி வலை 75 மி.மீ. தடிமனின் நடுவில் இருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் இரண்டு பக்கமும் கம்பிக்கு மேல் ஏறத்தாழ 30 மி.மீ. மூடுகாங்கிரீட் கிடைத்திருக்கும்; காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு மிதமான சூழலுக்குக் கேட்பதும் அதே 30 மி.மீ. தான். உடைத்துப் பார்த்தபோது கம்பி வடமேற்கு முகத்திலிருந்து வெறும் 10 மி.மீ. ஆழத்தில் இருந்தது. வார்க்கும்போது குத்துக்கம்பியின் இடியில் வலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இடையில் கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைத்ததற்கான அடையாளமே இல்லை. வடிவமைப்பு சரியாகவே இருந்தது. வார்த்த நாளில் வலை நகர்ந்ததுதான் ஐம்பது ஆண்டு கழித்துத் துருவாக வெளியே வந்திருக்கிறது.

இன்னொரு காரணம் பின்னாளில் சேர்ந்தது. இறக்கைகள் நிற்கும் திண்டுக்கு மூல வரைபடத்தில் வெளிப்பக்கமாக வாட்டம் உண்டு. தொண்ணூறுகளில் யாரோ அதன் மேல் டைல்ஸ் ஒட்டியபோது வாட்டம் போய்விட்டது; மழைநீர் இறக்கையின் காலடியிலேயே தேங்கியது. அதே சமயத்தில் விரிசல்களின் மேல் சாதாரணச் சிமெண்ட் பூச்சும் பூசியிருக்கிறார்கள். துருவை நீக்காமல் பூசியதால் அது முழுத் தகடாகப் பெயர்ந்து கையோடு வந்தது.

வேலைக்கு வந்த மேஸ்திரி தருமபுரிக்காரர், பெங்களூரில் முப்பது ஆண்டாகச் சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். பார்த்த உடனே, “இதுக்குப் பூச்சு ஆகாதும்மா, பலகை அடைச்சுக் காங்கிரீட்தான் போடணும்” என்றார். அதற்கு முன் வந்த ஒப்பந்ததாரர்களில் ஒருவர் பூசி டெக்ஸ்ச்சர் பெயிண்ட் அடிக்க 48,000 ரூபாயும், இன்னொருவர் இறக்கைகளையே எடுத்துவிட்டு அலுமினியத் தடுப்பு வைக்க 3,40,000 ரூபாயும் கேட்டிருந்தார்கள். மேஸ்திரி சொன்னதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரும் ஒப்புக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்கினோம்.

இந்த வகை வீட்டில் காங்கிரீட்டின் மேல்தோல்தான் அலங்காரம். சென்ட்ரிங் பலகையின் ரேகைகள், இரண்டு பலகை சேரும் இடத்தில் நூல்போல் துருத்தும் கோடு, ஆணித்தலையின் வட்டம் ஆகியவற்றைத் தவிர இந்த முகத்துக்கு வேறு அழகு கிடையாது. கரண்டியால் இழுத்த பூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பலகையில் பிறந்த முகத்தின் நடுவே அந்நியமாகவே நிற்கும். ஆகவே பலகைக்குள்தான் வார்க்க வேண்டும், அதுவும் பழைய பலகைக்கு ஒத்த பலகைக்குள்.

பழைய பலகைகளின் அகலத்தை ரேகையை வைத்து அளந்தேன்: 95 முதல் 102 மி.மீ. வரை, அதாவது நான்கு அங்குலப் பலகையை இழைத்தது. இன்று சென்ட்ரிங்குக்குக் கிடைப்பது வழவழப்பான பிளைவுட்டும் இரும்புத் தகடும்தான். மைசூர் ரோடு டிம்பர் யார்டில் பழைய பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகைகள் கிடைத்தன. அவற்றை 98 மி.மீ. அகலத்துக்கு அறுத்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ரேகையின் போக்கிலேயே தேய்த்தோம். மென்மையான பகுதி குழிந்து, கடினமான ரேகை எழுந்து நிற்கும். அதுவே காங்கிரீட்டில் தலைகீழாகப் பதியும். புதிய மரத்திலுள்ள சர்க்கரைச் சத்து சிமெண்ட் இறுகுவதைத் தடுத்து முகத்தை மாவாக உதிரச்செய்யும் என்பதால், பலகைகளுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் இருமுறை அடித்து, காய்ந்ததும் கழுவிப் பயன்படுத்தினோம்.

நிறத்துக்குத்தான் நேரம் பிடித்தது. காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் ஒரு சாண் அகலத் துண்டுகளாக வார்த்துப் பார்த்தோம். சில்லறைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், மணலோ கருங்கல்லை உடைத்த எம்-சாண்ட். இரண்டும் சேர்ந்தால் நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல் நிறம் வருகிறது. 1972-இல் போட்டது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டும் (ஓ.பி.சி.) ஆற்று மணலும். அதன் சாம்பல் நிறத்தில் லேசான பழுப்பு உண்டு. பாதிக்குப் பாதி வெள்ளைச் சிமெண்ட் கலந்த துண்டு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. கடைசியில் 43 கிரேடு ஓ.பி.சி. மூன்று பங்கு, வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்கு, வீட்டின் பின்புறம் பழைய தொட்டியில் கிடந்த ஆற்று மணலைச் சலித்தது, சிமெண்ட் எடையில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு மஞ்சள் ஆக்சைடு என்று பொருந்தியது. துண்டுகளைக் குறைந்தது நான்கு வாரம் காயவிட்ட பிறகே ஒப்பிட வேண்டும். ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். ஒப்பிடும் பழைய முகத்தையும் கழுவித் தூசியை எடுத்திருக்க வேண்டும்.

பலகையில் தடவ மேஸ்திரியின் ஆட்கள் வழக்கம்போலப் பழைய இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்தார்கள். மாதிரித் துண்டில் அது பழுப்புத் திட்டுத் திட்டாகப் பதிந்தது. நிறமில்லாத பாரஃபின் எண்ணெயைத் துணியில் தொட்டு, விரலில் ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிட்டதும் திட்டு இல்லாமல் போனது.

வெட்டும் வேலையில் ஒரே விதி வைத்துக்கொண்டோம்: வெட்டு எங்கே முடிந்தாலும் அது பழைய பலகைக் கோட்டின் மேலேயே முடிய வேண்டும். நான்கு அங்குல கிரைண்டரில் டைமண்ட் பிளேடு மாட்டி, இரண்டாவது பலகைக் கோட்டின் மேல் 10 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு பக்கமும் கோடு இழுத்தோம். இரண்டு பக்கக் கோடுகளும் நேருக்கு நேர் இல்லை, 6 மி.மீ. விலகியிருந்தன, ஆகவே ஒவ்வொரு முகத்திலும் அதனதன் கோட்டை வெட்டி, இடையே உள்ளதை உளியால் உடைத்தோம். மேல்வெட்டுக்கு மட்டும் மறைய ஒரு கோடு கிடையாது, ஏனெனில் பலகைகள் செங்குத்தாக ஓடுகின்றன. அங்கே இரண்டு பலகைகளில் இரண்டு வெவ்வேறு உயரத்தில் வெட்டி, பலகை முனைகள் ஒட்டிய இடம்போல் தெரியச்செய்தோம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு இறக்கையையும் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பம் கொடுத்து இறுக்கியிருந்தோம். அடுத்தடுத்த இரண்டை ஒரே சமயத்தில் தொடவில்லை.

கம்பிகளை வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து வெர்னியரில் அளந்தபோது, 8 மி.மீ. கம்பி சில இடங்களில் 6.2 மி.மீ. ஆகியிருந்தது. விட்டத்தில் அது சிறிதாகத் தெரிந்தாலும் பரப்பளவில் 40 சதவீதம் போய்விட்டது. அந்த இடங்களில் புதிய 8 மி.மீ. கம்பியை இரண்டு பக்கமும் 400 மி.மீ. ஒட்டவைத்துக் கட்டினோம். வலையை மெதுவாக நடுவுக்கு இழுத்து, நாங்களே வார்த்த சிறு கவர் பிளாக்குகளை இரு பக்கமும் வைத்தோம். பிறகு துத்தநாகம் செறிந்த பிரைமர் இரண்டு கோட்டு.

அடைப்பதற்கு முந்தைய இரவு முழுவதும் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் மூடி, காலையில் தண்ணீர் தேங்காமல் துடைத்தோம். ஒட்டுவதற்குச் சிமெண்ட் பால் தடவவில்லை. பலகையை அடைத்து முடிப்பதற்குள் அது காய்ந்து, ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும் படலமாகிவிடும். இறக்கையின் அடிப்பக்கம் திண்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிழ ஒரு காடி வரைபடத்தில் இருக்கிறது, 12 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும். சரிவாக இழைத்த தேக்குச் சட்டம் ஒன்றை அடிப்பலகையில் ஆணியடித்து அந்தக் காடியையும் மீட்டோம்.

கலவையை எடையில் அளந்தோம்: சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, 6 மி.மீ. ஜல்லி ஒன்றரை, தண்ணீர் 0.45, அதோடு கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரும், 50 கிலோ சிமெண்ட்டுக்கு 225 கிராம் என்ற கணக்கில் சுருக்கம் தடுக்கும் பொடியும். பலகையின் மேல்முனையில் புனல்வாய் ஒன்று வைத்து, வெட்டுக்கு மேலே 100 மி.மீ. வரை கலவை எழும்படி ஊற்றினோம். அப்போதுதான் மேல்வெட்டின் அடியில் காற்று நிற்காது. வெளியிலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டியதே போதுமானதாக இருந்தது. மறுநாள் புனலில் நின்ற உபரியைப் பச்சையாக இருக்கும்போதே உளியால் எடுத்தோம்.

மூன்று நாள் கழித்துப் பலகையைப் பிரித்தோம். காங்கிரீட் ஈரத்திலேயே இறுகுவதற்குச் சாக்கு போட்டால் அதன் பழுப்புச் சாயம் இறங்கும் என்பதால், அப்பாவின் பழைய வெள்ளை வேட்டிகளைச் சுற்றி, அதன் மேல் பாலித்தீன் கட்டி, பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். பாலித்தீன் நேராக முகத்தில் பட்டால் கறுப்புத் திட்டு விழும். இடையில் துணி இருந்தே ஆக வேண்டும்.

நான்கில் மூன்று எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. பைன் ரேகை பழைய நாட்டுமர ரேகையைவிட அகலமானது என்று அருகே போய்ப் பார்த்தால் தெரியும். தெருவிலிருந்தும் முன்னறையிலிருந்தும் தெரியவில்லை. தெற்கிலிருந்து இரண்டாவது இறக்கையில் பலகை பழைய காங்கிரீட்டோடு ஒட்டிய இடத்தில் சிமெண்ட் பால் கசிந்து, அரை அடி நீளத்துக்கு மணல் வரி தெரிகிறது. அதைத் தொட்டுப் பூசினால் இன்னும் மோசமாகும் என்று விட்டுவிட்டோம். அடுத்த இறக்கைகளுக்குப் பலகை விளிம்பில் 5 மி.மீ. ஃபோம் பட்டை ஒட்டிப் பிறகு இறுக்குவோம்.

திண்டிலிருந்த டைல்ஸை எடுத்து, அடிக்குக் கால் அங்குல வாட்டத்தில் புதிய தளம் போட்டோம். ஏப்ரலில், காங்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகு, பதினோரு இறக்கைகளுக்கும் நிறமற்ற சிலேன்-சிலாக்சேன் நீர்விலக்கியைக் கீழிருந்து மேலாக வழியவழிய அடித்தோம். அது பளபளப்புத் தராது, நிறத்தையும் மாற்றாது. மழைத்துளி இப்போது உருண்டு விழுகிறது.

கூலி 61,000, சாரமும் முட்டுக்கம்பங்களும் வாடகைக்கு 9,500, பலகை 7,800, சிமெண்ட் முதல் நீர்விலக்கி வரை பொருள்கள் 24,000. மொத்தம் 1,02,300 ரூபாய். பூசிப் பெயிண்ட் அடிக்கக் கேட்ட தொகையைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல். பலகைகள் கையிலேயே இருப்பதாலும் கலவை தெரிந்துவிட்டதாலும் அடுத்த முறை ஓர் இறக்கைக்கு 18,000-க்குள் முடியும் என்று மேஸ்திரி கணக்குச் சொல்கிறார்.

எங்கள் வீடு எழுந்த அதே 1972-இல்தான் டெல்லி பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சிக் கூடத்தை எழுப்பினார்கள்; முழுவதும் கையால் வார்த்த காங்கிரீட் சட்டங்களால் ஆன அந்தக் கூடத்தை 2017 ஏப்ரலில் இடித்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், ஜெயநகரில் ஒரு மனைக்குள் நிற்கும் இந்த வீட்டை விலைக்குக் கேட்டு வருபவர்கள் மனையை மட்டுமே பார்ப்பதில் வியப்பில்லை. அப்பா இதுவரை யாரிடமும் விலை பேசவில்லை.

மீதமுள்ள ஏழில் வடக்கு ஓரத்து இரண்டில் பினாஃப்தலின் கோடு கம்பியைத் தொட்டுவிட்டது, ஆனால் துரு இன்னும் பிளக்கவில்லை. வரும் ஜனவரியில் அவற்றை எடுத்துக்கொள்கிறோம். ஆற்று மணல் தொட்டியில் இன்னும் ஆறு சட்டி இருக்கிறது. அந்த இரண்டுக்கும் அது போதும். பலகைகளைக் கழுவி, வளையாமல் இருக்க இடையே ரீப்பர் வைத்து, படிக்கட்டின் அடியில் அடுக்கியிருக்கிறோம்.